ஒஸ்ரின் கேம்பிரிட்ஜில் தெல்லிப்பழைக்கு: நாலரை நட்சத்திரம்

மருமகன்தான் சொன்னார், "மாமா, நல்ல சேர்விஸ் எண்டால் போனிலை அஞ்சு நட்சத்திரத்தைத் தட்டிப்போட்டு நாலு வரி எழுதிவிடுங்கோ, காணும்." நாலு வரியில் இது அடங்காது. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்தைந்து வருடம் ஓவசியராக இருந்தவன் நான். ஒரு வாய்க்கால் கட்டு சரி என்று கையெழுத்து வைப்பதென்றாலும் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கொப்பியில் குறித்தால்தான் எனக்கு நித்திரை வரும். அதனால் அரை நட்சத்திரத்தை ஏன் வெட்டினேன் என்ற கணக்கையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒரு பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் வாடகைக் காரைப் பற்றியும் அதன் சாரதியைப் பற்றியும். இரணைமடுக் குளத்துக்குக் கீழே வட்டக்கச்சியில் என் வீட்டுப் படலையிலிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை வரைக்கும், பிறகு திரும்ப வீட்டுக்கும். ஒரு பக்கம் எண்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. இந்த இரண்டு வருடத்தில் பதினெட்டுத் தடவை போய் வந்திருக்கிறேன்.

பயணியைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் புள்ளிகளுக்குப் பெறுமதி இல்லை. எனக்கு வயது 72. முன்னிற்குஞ் சுரப்பியில் (புரொஸ்டேட்) தொடங்கிய புற்றுநோய் முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதி, இடுப்பெலும்பு, இரண்டு விலா, வலது தொடை எலும்பின் மேல்முனை என்று பரவியிருக்கிறது. நீங்கள் ஒரு காரில் ஏறி "குலுக்கல் இல்லை, வசதி" என்று எழுதுவதும் நான் எழுதுவதும் ஒன்றில்லை. எனக்கு ஒரு வீதியின் தரத்தைப் பார்க்கக் கண்ணே தேவையில்லை.

தொடக்கத்தில் நானும் எல்லா ஆண்களையும் போலத்தான். இரவில் நாலைந்து தடவை எழும்பிச் சலம் போனேன். வயது என்றேன், சீனி வருத்தம் என்றேன். இடுப்பு நொந்தது. குளக்கட்டில் ஜீப்பிலும் சைக்கிளிலும் ஓடித் திரிந்த உடம்பு, நோகாமல் என்ன செய்யும் என்று மனைவி நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தா. எட்டு மாதம் அப்படியே போனது. பிறகு இரத்தத்தில் பி.எஸ்.ஏ. பார்த்தார்கள், முன்னிற்குஞ் சுரப்பி விடும் ஒரு புரதத்தின் அளவு அது. நாலுக்குக் கீழே நிற்க வேண்டியது எனக்கு 412 இல் நின்றது. அந்த எட்டு மாத எண்ணெயைப் பற்றி மனைவியிடம் நான் இன்றைக்கும் ஒன்றும் சொல்வதில்லை. அவவும் போத்தலை எங்கேயோ ஒளித்துவிட்டா.

எலும்பு ஸ்கேனுக்குப் பேராதனைக்கு அனுப்பினார்கள். ஏ9 வீதி கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிகிறது. அந்த வகையில் அதன் இரண்டு அந்தத்தையும் நாரியால் அளந்தவன் நான். பேராதனைக்கு மருமகன் ஒரு குளிரூட்டிய வான் பிடித்தார். பெயர் எழுத மாட்டேன், எழுதினால் சண்டைக்கு வருவார்கள். பார்க்க மாப்பிள்ளை வீட்டு வான் மாதிரி மினுங்கியது. என்னை வசதியாகப் படுக்க வைக்கிறோம் என்று கடைசி இருக்கையை நீட்டி அதில் போட்டார்கள். அந்த இருக்கை பின் சில்லுக்கும் பின்னால் இருந்தது. ஓவசியர் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டு அச்சுக்கும் நடுவில் இருப்பவன் பள்ளத்தில் இறங்குவான், ஏறுவான். பின் அச்சுக்கு வெளியே இருப்பவனைப் பள்ளம் தூக்கி எறியும். ஓமந்தை தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். வவுனியாவில் நிறுத்தச் சொல்லி நடு இருக்கைக்கு மாறினேன். பின்னேரத்துக்கு முன் இன்னொரு ஹயர் இருக்கிறது என்று சாரதி அவசரப்பட்டார். வேகமாகப் போனால் சீக்கிரம் முடிந்துவிடும் என்பது அவர் நினைப்பு. திரும்பி வந்த பிறகு மூன்று நாள் கட்டிலைவிட்டு எழும்பவில்லை. இருபத்திரண்டாயிரம் ரூபா, காத்திருந்த நேரத்துக்கு வேறாக ஒரு தொகை. யாராவது வானில் நோயாளியை ஏற்றுவதென்றால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள்: நடு இருக்கை. பின்னுக்கு எவ்வளவு இடம் இருந்தாலும் நடு இருக்கை.

ஸ்கேனில் ஒன்றும் நோகாது. ஊசி போட்டு, மூன்று மணித்தியாலம் போலத் தண்ணீர் குடிக்க வைத்து, பிறகு படுக்க வைத்துப் படம் எடுப்பார்கள். படத்தில் என் எலும்புக்கூடு சாம்பல் நிறத்தில் இருந்தது. நோய் உள்ள இடமெல்லாம் கறுப்புப் புள்ளி. எங்கள் கந்தோர்ச் சுவரில் வன்னியின் குளங்களைக் குறித்த வரைபடம் ஒன்று தொங்கும், பெரிதும் சிறிதுமாக நூற்றுக்கணக்கில் புள்ளிகள். அதுதான் ஞாபகத்துக்கு வந்தது. இதில் எது இரணைமடு என்று விரலால் தேடினேன். இடுப்பில் இருந்தது.

அந்தப் படத்தை நான் பார்த்தது எடுத்துப் பதினொரு நாள் கழித்து. அதுவரை மகள் தன் கைப்பைக்குள் வைத்திருந்தாள். "எலும்புத் தேய்வு அப்பா, வாதம்" என்றாள். வைத்தியரிடமும் "அப்பாவுக்குச் சொல்லாதைங்கோ" என்று கேட்டிருக்கிறாள். வீட்டில் எல்லாரும் என்னோடு மெதுவாகக் கதைத்தார்கள், அதுவே போதும். வடக்கில் "தெல்லிப்பழைக்குப் போறம்" என்று ஒருவர் சொன்னால் கேட்பவர் அடுத்த கேள்வி கேட்பதில்லை. வாதம் பார்க்கவா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போகிறாய் என்று கேட்டேன். மகள் அழுதாள். அவள் மேல் கோபமில்லை, எங்கள் சனம் அப்படித்தான். ஆனால் அந்தப் பதினொரு நாளும் நான் கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டியில் போனவன் மாதிரி இருந்தேன். எந்த நேரம் எங்கே விழுவேன் என்று தெரியாமல் உடம்பு முழுக்க இறுகிக் கிடந்தது. இந்தக் காரின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

அதற்கு முதல் ஓட்டோவைப் பற்றி இரண்டு வசனம். செலவு குறைவு என்று இரண்டு தடவை பக்கத்து வீட்டுப் பொடியனின் ஓட்டோவில் போனேன். அவன் தங்கமான பிள்ளை, குற்றம் அவனில் இல்லை. நாலு சில்லு வாகனத்துக்குத் தடம் இரண்டு, பள்ளத்தை நடுவில் விட்டுப் போகலாம். மூன்று சில்லுக்குத் தடம் மூன்று. இரண்டு பின் சில்லும் தப்பினால் முன் சில்லு விழும். போதாததற்குப் பின் அச்சுக்கு நேர் மேலேதான் இருக்கை. கடைக்குப் போக ஓட்டோ, கிளினிக்குக்கு வேண்டாம்.

சரி, கார். இது வன்னியில் கிடந்த கார் இல்லை. இங்கே கிடந்தவை எல்லாம் கடைசி யுத்தத்தில் முல்லைத்தீவு வீதியில் போய் முடிந்தன. 2011 இல் சுன்னாகத்தில் ஒரு வளவில் கோழி அடைந்து கிடந்ததைச் சாரதி வாங்கித் திருத்தியிருக்கிறார். அவருக்கு அறுபத்துநாலு வயது. பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் இதே இனக் காரை மண்ணெண்ணெயில் ஓட்டியவர். ஸ்டார்ட் பண்ணுவதற்கு மட்டும் சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்துக் காபரேற்றருக்குள் நாலு சொட்டு விடுவார்களே, அந்தக் காலத்து ஆள். ஆளுக்கும் காருக்கும் எவ்வளவு சிநேகம் என்பது கதவைச் சாத்தும் விதத்திலேயே தெரியும்.

இருக்கையின் உயரத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நாடா வைத்து அளந்தேன், என் வீட்டு மரக் கதிரையைவிட ஒன்றரை அங்குலம்தான் பதிவு. வானில் ஏற வேண்டும், ஓட்டோவில் குனிய வேண்டும், இப்போதைய சின்னக் கார்களில் கிணற்றுக்குள் இறங்குவது போல இறங்க வேண்டும். இடுப்பெலும்பில் நோய் இருப்பவனுக்கு இந்த மூன்றும் தனித்தனி நோ. கேம்பிரிட்ஜில் கதவு அகலத் திறக்கும். முதுகைக் காட்டிக்கொண்டு போய், கதிரையில் இருப்பது போல இருந்து, பிறகு இரண்டு காலையும் ஒன்றாகச் சேர்த்து உள்ளே திருப்பலாம். காலை ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்கக்கூடாது, இடுப்பு முறுகும். வழுக்கித் திரும்புவதற்காகச் சாரதி இருக்கையில் ஒரு பொலித்தீன் பை விரித்து வைப்பார். நான் திரும்பி நேராக இருந்ததும் அதை மெல்ல உருவி எடுத்துவிடுவார். இதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தன் தாயை ஏற்றி இறக்கிப் பழகியது என்றார்.

முன்னுக்குச் சுருள் வில்லு, பின்னுக்குத் தகட்டு வில்லு. வைரித்த வில்லுகள் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் கார் பள்ளத்தில் விழும்போது "டக்" என்று அடிப்பதில்லை, வள்ளம் மாதிரி ஒருமுறை அமிழ்ந்து எழும்பும். அந்த ஆட்டம் சிலருக்கு வயிற்றைக் குமட்டும். எனக்குப் பரவாயில்லை. அடிதான் ஆகாது, ஆட்டம் ஆகும்.

ஆனால் நான் நட்சத்திரம் போட்டது வில்லுக்கு இல்லை. முதல் நாள் படலையில் வைத்துச் சாரதி என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார்.

"ஐயா, எந்தப் பக்கம் கூட நோகுது?"

"வலம்."

"பள்ளம் வரேக்கை முன்னுக்குச் சொல்லவோ, சொல்லாமல் விடவோ? சில பேருக்குச் சொன்னால் பயம்."

கடைசிக் கேள்வியை அதுவரைக்கும் என்னிடம் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. வீட்டிலும்தான். "சொல்லும் தம்பி, எல்லாத்தையும் சொல்லும்" என்றேன்.

அதிலிருந்து அவருக்கு மூன்று சொல். இடப்பக்கச் சில்லு விழப்போகிறது என்றால் "இடம்". வலச் சில்லு என்றால் "வலம்". தப்ப வழியில்லாமல் வீதிக்குக் குறுக்கே முழுதாக வருவது, மதகோ வேகத்தடையோ, "முழுசு". மூன்று நாலு கணம் முன்னால் சொல்வார், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சொல் காதில் விழுந்ததும் இரண்டு உள்ளங்கையையும் இருக்கையில் ஊன்றி, பாரத்தைக் கைக்கு மாற்றி, மூச்சை மெல்ல வெளியே விடுவேன். அதே பள்ளம், அதே எலும்பு, ஆனால் நோ பாதிதான். மீதி வழி முழுக்க உடம்பைத் தளர விடலாம் என்பது அதைவிடப் பெரிய லாபம். சொல் வராத நேரம் பள்ளமும் இல்லை என்று நம்பிக்கொண்டு பரந்தன் வயலைப் பார்க்கலாம், ஆனையிறவில் உப்பளத்து வெயிலைப் பார்க்கலாம். ஒருமுறை இயக்கச்சி தாண்டி நித்திரையே கொண்டுவிட்டேன். அன்றைக்கு அவர் சத்தம் போட்டு எழுப்பாமல் கையால் தோளைத் தொட்டு "முழுசு" என்றார்.

வேறு கதை அதிகம் கதைக்க மாட்டார். அரசியல் இல்லை, "அந்த மூலிகை குடியுங்கோ, இந்தச் சாமியைக் கும்பிடுங்கோ" என்ற உபதேசம் இல்லை. இதற்கே தனியாக ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம். இந்த வருத்தம் வந்ததிலிருந்து அன்னமுன்னாப் பழம், கோதுமைப் புல், கழுதைப் பால் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

விடிய நாலு மணிக்குப் புறப்படுவோம். வேகம் 45 ஐத் தாண்டாது, பிறேக் பழையது, லைற்றும் மங்கல். ஏ9 இல் அந்த நேரம் சூட்டுக்கு மாடுகள் தாரில் படுத்திருக்கும், அதற்கும் இந்த வேகம்தான் சரி. கைதடியால் திரும்பிக் கோப்பாய், உரும்பிராய் என்று குறுக்கால் போவார். யாழ்ப்பாண நகரத்துக்குள் போனால் நின்று நின்று எடுக்க வேண்டும், ஒவ்வொரு எடுப்புக்கும் நாரி முன்னும் பின்னும் போகும்.

சலம் போக நிறுத்தும் இடங்களும் அவருக்குப் பாடம். ஆனையிறவில் காற்று அடிக்கும், ஆனால் ஒதுக்குப்புறம் இல்லை. பளையில் தென்னங்காணி, நல்ல மறைவு. முகமாலையில் கேட்கவே கூடாது, அங்கே மிதிவெடிப் பலகை கண்ட ஞாபகத்தில் கால் தானாகவே தாரைவிட்டு இறங்காது. கொடிகாமத்தில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குப் பின்னால் சுத்தமான கக்கூஸ், கையால் பிடித்து எழும்பச் சுவரில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். கடைக்காரருக்குத் தெரியாது, அந்தக் குழாய்க்காகவே நான் அங்கே பிளேன்ரீ குடிக்கிறேன் என்று.

வைத்தியசாலையைப் பற்றி நீட்டி எழுதவில்லை, அது வேறு கட்டுரை. 2011 இல் தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் சனம் நடந்து, சிங்களவர் தமிழர் எல்லாரும் கொடுத்த காசில் எழும்பிய கட்டடம். 2013 இல் திறந்தார்கள். அதற்கு முதல் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பெரும்பாலும் கொழும்புக்குப் பக்கத்து மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைதான் கதி. மகரகமவுக்கு இந்தக் காரில் போயிருந்தால் எத்தனை "முழுசு" வந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். யோசிக்காமல் விட்டேன்.

அங்கே வைத்தியர் ஒருவர் எனக்கு நேராகச் சொன்னார். இது முற்றாக மாறாது, ஆனால் கட்டுப்படுத்தி வைத்துக்கொண்டு நாட்களை ஓட்டலாம் என்றார். இந்த நோய்க்கு ஆண் ஹோர்மோன் தீனி, தீனியை நிறுத்த வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்றில் ஊசி போடலாம், அல்லது விதைகளை எடுத்துவிடும் சின்ன ஒப்பரேஷன். நான் ஒப்பரேஷன் என்றேன். மருந்துத் தட்டுப்பாடு வந்தால் ஊசிக்கு எங்கே போவது? 2022 ஐப் பார்த்தவர்கள் நாங்கள். பயணமும் குறையும். மனைவியிடம் கேட்டேன், "ஆள் இருந்தால் காணும்" என்றா. எழுத வெட்கமாக இல்லையா என்று மருமகன் கேட்பார். எழுதாமல் விட்டால், என்னைப் போல ஒருவன் கிளினிக்கில் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு எழும்பி வீட்டுக்கு ஓடிவிடுவான். ஓடியவர்களைக் கண்டிருக்கிறேன்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும்போது வரும் சூடு எனக்கும் வரத் தொடங்கியது. சும்மா இருக்கும்போது நெஞ்சிலிருந்து நெருப்பு ஏறும், சேட் நனையும், ஐந்து நிமிடத்தில் குளிரும். மனைவி சிரித்துக்கொண்டே பனை விசிறியைக் கொண்டுவந்து தந்தா. "இப்ப விளங்குதோ" என்றா. குளிரூட்டிய வாகனத்தில் இந்தச் சூடு வந்தால் வியர்வை உடம்பிலேயே உறைந்துவிடும். கேம்பிரிட்ஜில் முன் கதவில் ஒரு முக்கோணக் கண்ணாடி இருக்கிறது. அதைத் திருப்பிவிட்டால் காற்று நேராக நெஞ்சில் அடிக்கும். எந்தப் புதுக் காரிலும் இல்லாத வசதி. இந்த இலங்கையில் அந்தக் கண்ணாடியின் அருமை தெரிந்தவர்கள் நானும் இன்னும் சில கிழவர்களும்தான்.

ஒன்றரை வருடம் கழித்துப் பி.எஸ்.ஏ. திரும்ப ஏறியது. இப்போது வெறும் வயிற்றில் நாலு குளிசை, அதோடு சின்ன ஸ்டீரொயிட் ஒன்று. விடிய நாலு மணிப் பயணத்துக்கு இது வசதி, குளிசை போட்டு ஒரு மணித்தியாலம் ஒன்றும் சாப்பிடக்கூடாது, பளை வரும்போது இடியப்பப் பொட்டலத்தைப் பிரிக்கலாம். எலும்பு உறுதிக்கு ஒரு மருந்து நரம்பில் ஏற்றுகிறார்கள். கால் மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அதற்கு முதல் பல்லையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். கொடுப்புப் பல் ஒன்றைப் பிடுங்கிப் புண் ஆறிய பிறகுதான் எனக்குத் தொடங்கினார்கள். முதல் தடவை அடுத்த நாள் காய்ச்சல் மாதிரி உடம்பு உளைந்தது. அது வரும் என்று தாதி முன்னமே சொல்லியிருந்தா, அதனால் பயப்படவில்லை.

இடுப்புக்குக் கதிர்ச் சிகிச்சையும் தந்தார்கள். அதற்கு ஐந்து நாள் அளவெட்டியில் ஒன்றுவிட்ட தங்கை வீட்டில் நின்றேன். முடித்துத் திரும்பி வந்த நாள்தான் பதினெட்டுப் பயணத்திலும் மோசமானது. கதிர் வைத்த கையோடு நோ சில நாளைக்குக் கூடும் என்று சொல்லியிருந்தார்கள், கூடியது. சாரதி அன்றைக்கு 30 இல் ஓட்டினார். பின்னால் வந்த பஸ்காரர்கள் அடித்த ஹோர்ன் இன்னும் காதில் நிற்கிறது. ஒருவர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னார். சாரதி திரும்பியும் பார்க்கவில்லை, "வலம்" என்றார். மூன்று கிழமையில் அந்த நோ இறங்கியது. இப்போது தடியூன்றிக் கிணற்றடி வரைக்கும் போகிறேன்.

மோர்பீன் குளிசைக்கு நானும் முதலில் பயந்தேன். அபின் என்று கேள்விப்பட்ட சாமான் அல்லவா. கிளினிக்கில் சொன்ன பிறகு இப்போது புறப்பட அரை மணித்தியாலத்துக்கு முன் ஒன்று போடுகிறேன், நோ வரட்டும் என்று பார்த்திருப்பதில்லை. சாரதி இதைக் கேட்டுவிட்டு, "அதுதானே ஐயா, பள்ளத்துக்குள்ளை விழுந்தாப் பிறகு பிறேக் பிடிச்சு என்ன" என்றார். மலம் இறுகும், அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். இதை ஒருவரும் வெட்கத்தில் கேட்பதில்லை, பிறகு மூன்றாம் நாள் படுகிற பாட்டைச் சொல்ல முடியாது.

இந்தக் கார் எதற்கு ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். திடீரென்று இரண்டு காலும் சோர்ந்தாலோ, இருக்கும் இடம் மரத்துப் போனாலோ, சலம் அடைத்தாலோ, முள்ளந்தண்டுக்குள் நரம்பு நசிபடுகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். விடியட்டும் என்று பார்க்கக்கூடாது என்று என் கிளினிக் கொப்பியில் சிவப்புப் பேனையால் எழுதித் தந்திருக்கிறார்கள். எனக்கு ஒரு இரவு கால் விறைத்தது. மகள் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்தாள். காசில்லாமல் அம்புலன்ஸ் வந்து கிளிநொச்சி வைத்தியசாலைக்கு ஏற்றிப் போனது. உள்ளே எம்.ஆர்.ஐ. பற்றிக் கதைத்தபோது முதல் கேள்வி: "ஐயா, உடம்பிலை ஷெல் துண்டு இருக்கோ?" வன்னியில் இந்த வயதில் உள்ளவனிடம் வேறென்ன கேட்பது. இடது கெண்டைக்காலில் 2009 ஆம் ஆண்டின் சாமான் ஒன்று இருக்கிறது. அந்தக் காந்தத்துக்கு இரும்பு ஆகாது. எக்ஸ்ரே எடுத்து, அது எங்கே, எவ்வளவு பெரிது என்று பார்த்து, ஆட்களைக் கேட்டு முடிவெடுத்தார்கள். நல்ல காலம், நரம்பு நசியவில்லை. உங்கள் வீட்டில் இப்படி ஒரு நோயாளி இருந்தால் துண்டு இருக்கும் இடத்தை முன்னமே ஒரு தாளில் எழுதி மருந்துக் கொப்பிக்குள் வையுங்கள்.

இனி குறைகள். பெற்றோல் மணம் காருக்குள் வரும், முக்கியமாக மேட்டில் ஏறும்போது. மருந்து போட்ட வயிற்றுக்கு அது பெரிய சோதனை. தேசிக்காய் ஒன்றை மணந்துகொண்டு போகிறேன். பின் வலக் கண்ணாடி இறங்காது. மாரியில் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் ஊறும், மனைவி தன் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு வருவா. ஆசனப் பட்டி இல்லை. அரை நட்சத்திரத்தை வெட்டியது முழுக்கப் பெற்றோல் மணத்துக்கு. மற்றதெல்லாம் அறுபது வயதுக் காரிடம் கேட்கக்கூடாத கேள்விகள்.

கூலி பதினாலாயிரம், போய்வர. காத்திருக்கும் நேரத்துக்குக் காசு எடுப்பதில்லை. கிளினிக் முடியும்வரை வேப்ப மர நிழலில் காரை விட்டுப் பொனற்றைத் திறந்து ஏதாவது துடைத்துக்கொண்டு நிற்பார். மனைவி துர்க்கை அம்மன் கோயிலுக்குப் போக வேண்டும் என்றால் கூட்டிக்கொண்டு போய்க் கொண்டுவந்து விடுவார். வாட்ஸ்அப் இல்லை, பட்டன் போன்தான். நாலு நாள் முந்திச் சொல்ல வேண்டும், வெள்ளிக்கிழமை ஓட மாட்டார்.

கடைசியாக வீதி. ஏ9 நல்ல வீதி. வீட்டிலிருந்து நகரத்துக்குப் போகும் வழியில் வாய்க்கால் ஓரமாக ஒரு கிறவல் துண்டு இருக்கிறது, இரண்டரைக் கிலோமீற்றர். அதில் ஒரு மதகு. எண்பது கிலோமீற்றரிலும் என் நாரிக்கு அதைவிடப் பெரிய அடி வேறெங்கும் இல்லை. மதகின் கொங்கிறீற் இன்றைக்கும் கல்லு மாதிரி நிற்கிறது. 2018 மார்கழி வெள்ளத்திலும் அசையவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் அதோடு சேரும் மண் நாலு அங்குலம் இறங்கிவிட்டது. காரணம் எனக்குத் தெரியும். 1982 இல் மழை வரப்போகிறது என்று ஒப்பந்தகாரர் அவசரப்பட்டு, ஆறங்குலம் ஆறங்குலமாகப் போட்டு இடிக்க வேண்டிய மண்ணை ஒரேயடியாகக் கொட்டி மேலால் மட்டும் இடித்தார். பார்த்துக்கொண்டு நின்ற ஓவசியர் கொப்பியில் "சரி" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அப்போது அவருக்கு இருபத்தொன்பது வயது, இடுப்பில் ஒரு நோவும் இல்லை.

மூன்றாவது பயணத்தில் இதைச் சாரதியிடம் சொன்னேன். அன்றிலிருந்து அந்த இடத்தில் மட்டும் அவர் "முழுசு" என்று சொல்வதில்லை. விடியப்புறம் நாலு மணி, மங்கல் லைற்றில் மதகின் வெள்ளைக் கட்டு தெரியும்போது வேகத்தைக் குறைத்து, "ஐயா, உங்கட மதகு வருது" என்பார். நான் இரண்டு கையையும் இருக்கையில் ஊன்றிக்கொள்வேன்.